கதவில் ஒட்டப்படாத தாள்

மேடையில் வீற்றிருக்கும் மேயர் பாந்தெலிஸ் அவர்களே! நாற்பதாம் நாள் நினைவு ஜெபத்தை நடத்திவைத்த அருட்தந்தை இக்னாதியோஸ் அவர்களே! சைப்ரஸிலிருந்து வந்திருக்கும் பேராசிரியர் ஆந்த்ரூலா அவர்களே! சிசிலியிலிருந்து வந்திருக்கும் ஆய்வாளர் நுன்சியோ அவர்களே! கையில் நினைவுநாள் சர்க்கரைக் கோதுமையோடு அமர்ந்திருக்கும் என் தீவு மக்களே! மூன்றாம் வரிசையில் யாருக்கும் அறிமுகமில்லாமல் அமர்ந்திருக்கும் இரண்டு கனவான்களே, உங்களுக்கும் வணக்கம்!

மறைந்த டாக்டர் அர்கிரோ கலாஃபாட்டி அம்மையாரை நான் முதல் நாளிலிருந்து நம்பவில்லை. இதைச் சொல்லாமல் அவரைப் புகழ்ந்தால் அது பொய்ப் புகழ்ச்சி.

எப்படி நம்புவது? ஆகஸ்டில் தண்ணீர்க் கப்பலுக்குக் காத்துக்கிடந்த ஊர் இது. இங்கே ஒரு அம்மாள் வந்து, கடல்நீரைச் சவ்வில் அழுத்தி வடிப்பேன் என்கிறார். மிஞ்சும் உப்புநீர் வெளியேறும்போது அதன் அழுத்தத்தையும் பிடித்துத் திருப்பிப் பம்புக்கே கொடுப்பேன், அதனால் நம் மலைமேல் சுற்றும் ஒற்றைக் காற்றாலையே போதும் என்கிறார். காபிக் கடை மனூசோஸ் சிரித்தான். "ஏன்டா ஸ்ட்ராத்தி, நாளைக்கு அந்தம்மா பாறையப் பிழிஞ்சு பால் எடுக்கும், நீ வாங்கி வித்துக்கோ!" என்றான். நான் சிரிக்கவில்லை. பாட்டில் தண்ணீர் விற்கிறவன் நான்.

ஆலை ஓடிய முதல் மாதமே யாருக்கும் தெரியாமல் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து ஏதென்ஸ் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். 'எண்ணெய் கலந்துள்ளது' என்று பதில் வந்தது. விடுவேனா? காபிக் கடையில் நின்று கத்தினேன். ஊரே குழாயை மூடியது. மூன்று நாளில் என் கிடங்கு காலியானது, அதையும் ஒளிக்கவில்லை.

நான்காம் நாள் டாக்டரம்மா என் கடைக்கு வந்தார்.

"அண்ணே, தண்ணி பிடிச்ச பாட்டில்ல முன்னாடி என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்லியே. இதோ, இந்த மாதிரி வீட்டுக் காலிப் பாட்டில்தான், பாருங்க."

"மோந்து பாருங்க."

மோந்தேன். என் மச்சான் தோட்டத்து ஆலிவ் எண்ணெய்! வீட்டில் எண்ணெய் இல்லாத பாட்டில் ஏது நமக்கு?

"திட்டிடுங்கம்மா," என்றேன்.

"எதுக்குண்ணே திட்டணும்? சைப்ரஸ், சிசிலிக்காரங்களும் நானுமா ஆலையக் கட்டின நாங்க மூணு நாட்டு ஆளுங்களும் ஒருத்தர ஒருத்தர் ரொம்ப நம்பிட்டோம். அதான் எனக்குப் பயமே. நீங்க மாசாமாசம் சந்தேகப்படுங்க. ஆனா பாட்டிலக் கழுவிட்டு சந்தேகப்படுங்க!"

அன்று தொடங்கியது. ஒன்பது ஆண்டுகள், மாதம் ஒரு பாட்டில் ஏதென்ஸ் ஆய்வகத்துக்கு. மூடியில் ஒட்டிய தாளில் அவர், நான், மனூசோஸ் என்று மூன்று கையெழுத்து. ஒரு முறை உப்பு ஏறியிருப்பதை என் பாட்டில் காட்டிக்கொடுத்தது. சவ்வு கிழிந்திருந்தது. அவர் மறைத்தாரா? தினமும் அளவுகளை ஒட்டும் ஆலைக் கதவில், 'தவறு என்னுடையது. இன்று குடிக்காதீர்கள்' என்று எழுதி ஒட்டினார்! தன் குற்றத்தைத் தானே கதவில் ஒட்டும் பெரிய படிப்பாளியை நீங்கள் வேறெங்காவது பார்த்ததுண்டா?

அவர் மறைந்த பிறகும் ஆலைப் பணியாளர்கள் அந்தத் தாளை ஒட்டிவந்தார்கள். பன்னிரண்டு நாளாகத் தாள் இல்லை. கதவில் புதுப் பூட்டு. கேட்டால், "பராமரிப்பு வேலைப்பா" என்கிறார் மேயர். ஐயா, இந்தத் தீவில் பூட்டு விற்பவன் நான் ஒருவன்தான். அந்தப் பூட்டு என் கடையில் வாங்கியது அல்ல!

இதோ இந்த மலர்வளையத்தைப் பாருங்கள். இந்தக் கனவான்கள் கொண்டுவந்தது. நாடாவில் இவர்கள் நிறுவனத்தின் பெயர் டாக்டரம்மாவின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருக்கிறது. வரும் வியாழக்கிழமை நகரசபையில் ஓட்டெடுப்பு. ஆலையை முப்பது ஆண்டுக்கு இவர்களிடம் ஒப்படைப்பதாம். ஆலையின் வரைபடமும் அளவும் எல்லோருக்கும் பொது என்று மூன்று நாட்டு ஆய்வாளர்களும் எழுதிவைத்த ஒப்பந்தம் என்ன ஆகும்? பக்கத்துத் தீவு நாளை வந்து கேட்டால் யார் காட்டுவார்கள்?

இவர்கள் நல்லவர்களாகவும் இருக்கலாம். டாக்டரம்மாவைச் சந்தேகப்பட்டு மூக்குடைபட்டவன் நான், மறுபடியும் உடைபடத் தயார். ஆனால் நல்லவர்களுக்குப் பூட்டு எதற்கு?

அம்மையாரின் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன் பேசிய எல்லோரும் சொன்னீர்கள். எனக்குத் தெரிந்த பணி ஒன்றுதான். இன்று காலை இந்த மண்டபத்துக் குழாயில் பிடித்த பாட்டில் இது. மூன்று தடவை கழுவினேன், அருட்தந்தை சாட்சி. என் கையெழுத்து இருக்கிறது. மனூசோஸ் போட்டுவிட்டான். டாக்டரம்மா போடும் இடம் மட்டும் காலி.

இதை ஏதென்ஸ் ஆய்வகத்துக்குக் கொண்டுபோகும் கப்பல் நான்கு மணிக்குக் கிளம்புகிறது. மேயர் அவர்களே, இதோ பேனா.