குப்பைப் பெட்டியில் ஊதா நூல்

ஐயா, என் எழுத்து கோணல்மாணலாக இருப்பதை மன்னிக்க வேண்டும். அடிபட்டதால் இப்படி என்று நினைக்க வேண்டாம். அடி இடது கையில். வலது கை நன்றாகத்தான் இருக்கிறது, அதன் எழுத்தே இவ்வளவுதான். ஸ்டேஷன் ரைட்டர் மை டப்பாவைத் திறந்து, "நீ சொல்லு தாத்தா, நான் எழுதிக்கறேன். கடைசில கட்டை விரலை வச்சா போதும்" என்றார். இத்தனை காலமும் விரலைத்தான் வைத்தேன், இதை நானே எழுதுகிறேன் என்று கேட்டதில் நாற்காலியும் தாளும் கொடுத்தார்கள்.

பெயரும் முகவரியும் முதல் தாளில் ரைட்டர் எழுதிவிட்டார். கடைத்தெருவில் டயர் தாத்தா என்றால்தான் என்னைத் தெரியும். வயது எழுபத்தொன்று. லாரி டயர் கழற்றி மாட்டும் வேலை பார்த்து ஓய்ந்தவன். மகன் வீட்டில் இருக்கிறேன்.

மருமகள் தையல் சொல்லித் தருகிறாள். நேரில் வர முடியாத பெண்களுக்காகக் கணினியில் ஒரு வலைப்பதிவும் வைத்திருக்கிறாள். ஒவ்வொரு பாடத்தின் கீழும் வாசித்தவர்கள் பின்னூட்டம் எழுதுவார்கள். அதில் வருகிற விளம்பரக் குப்பையை இயந்திரமே பிரித்துத் தனிப் பெட்டியில் தள்ளிவிடும். எனக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்தவளும் மருமகள்தான். கற்ற பிறகு நான் சோப்பு உறை, மாத்திரை அட்டை என்று கண்டதையெல்லாம் உரக்க வாசித்து அவளை வேலை செய்யவிடாததால், "மாமா, இந்தக் குப்பைப் பெட்டிய தினமும் காலி பண்றது இனிமே உங்க பொறுப்பு" என்று ஒப்படைத்தாள்.

மொத்தமாக அழிக்க ஒரு பொத்தான் உண்டு. நான் அதைத் தொட்டதில்லை. ஒவ்வொன்றையும் எழுத்துக்கூட்டி வாசித்த பிறகே அழிப்பேன். ஈடு இல்லாமல் கடன், வழுக்கையில் முடி, ஒரே மாதத்தில் தொப்பை கரைய வழி. ஒருவர் எல்லாப் பாடத்துக்கும், "அருமையான பதிவு நண்பரே, என் தளத்துக்கும் வாருங்கள்" என்று எழுதுவார். பதில் போடாமல் அழிப்பது மரியாதை இல்லை என்று நன்றி எழுதினேன். முடிக்காரருக்கு, எனக்கு முடி வேண்டாம் என்று எழுதினேன். மருமகள் பார்த்துவிட்டு, "இதெல்லாம் மனுஷங்க எழுதறதில்ல மாமா, மெஷின் போடறது" என்றாள். "மெஷினா இருந்தா என்னம்மா, உன் புருஷனைவிட மரியாதையா பேசுது" என்றேன்.

செவ்வாய்க்கிழமை மருமகள் துணி வாங்கப் போயிருந்தாள். நான் பெட்டியைத் திறந்தேன். கழுத்துப்பட்டைப் பாடம், ஜிப் பாடம், சட்டைப் பைப் பாடம், எல்லாவற்றின் கீழும் ஒரே ஆள் ஒரே வரிகளை எழுதியிருந்தார். பெயர் ஊதா நூல். முன்பு ஜிப் தைப்பதில் சந்தேகம் கேட்ட பெண் அவள். இப்போது எழுதியிருந்தது இது: "அக்கா, நம்ம கடைத்தெரு டயர் கடைக்கு மேலே மூன்றாம் மாடி. கணவர் வெளியே பூட்டிவிட்டுப் போகிறார். வந்தால் அடிக்கிறார். போனில் எல்லாவற்றையும் பார்ப்பார், தையல் பாடத்தை மட்டும் பார்க்கமாட்டார். யாராவது வாங்க." ஒரே வரிகள் பல இடத்தில் இருந்ததால் இயந்திரம் அதைக் குப்பை என்று தள்ளியிருக்கிறது.

நான் "குப்பை அல்ல" என்ற பொத்தானை அழுத்தினேன். அதன் பிறகு பதில் எழுதினேன். "அம்மா ஊதா நூல், வாசித்தேன். இப்போதே வருகிறேன். பயப்பட வேண்டாம். இப்படிக்கு, டயர் தாத்தா." இதை எழுத வெகுநேரம் ஆனது. பிழை இல்லாமல் வந்ததில் சந்தோஷப்பட்டேன். பதில் போட்டால் எழுதியவரின் போனில் மணி அடிக்கும் என்பது எனக்குத் தெரியாது. போலீசுக்கு ஏன் சொல்லவில்லை என்று ஐயா கேட்டீர்கள். தோன்றவில்லை. கேட்டவளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது மட்டுமே தோன்றியது.

அதன் பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு நான் முன்பு வேலை பார்த்த அந்த டயர் கடைக்குப் போனேன். மேலே எதுவோ உடையும் சத்தம் கேட்டது. முதலாளியிடம் கேட்டதற்கு, "புருஷன் பொண்டாட்டி சண்டை, நமக்கெதுக்கு" என்றார். நான் டயர் நெம்பும் கம்பியை எடுத்தேன். "என்ன தாத்தா, மறுபடியும் வேலைக்கு வந்துட்டியா?" என்றார். "ஒண்ணே ஒண்ணு கழட்டணும்" என்று சொல்லிவிட்டு மாடி ஏறினேன்.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. உள்ளே அந்த ஆளின் குரல் கேட்டது. "அம்மா ஊதா நூல்" என்றான். ஓர் அடி விழுந்தது. "இப்போதே வருகிறேன்" என்றான். ஓர் அடி விழுந்தது. "பயப்பட வேண்டாம்" என்றான். அதன் பிறகு, "எந்தத் தாத்தாடி வர்றான், சொல்லு" என்றான். நான் எழுதியதை வேறொருவர் வாசித்துக் கேட்டது அதுவே முதல் முறை.

சக்கரத்திலிருந்து டயரை நெம்புவதுபோலக் கதவின் கீல் பக்கம் கம்பியைக் கொடுத்து நெம்பினேன். கீல் பெயர்ந்தது. குளியலறைக் கதவு நடுவில் பிளந்து கிடந்தது. அதன் வாசற்படியில் அந்தப் பெண் கிடந்தாள். தாடை ஒரு பக்கமாகப் போயிருந்தது. ஓடு பதித்த தரையில் இரத்தத்தோடு பல்லும் கிடந்தது. அந்த ஆள் ஒரு கையில் போனும் மறு கையில் இஸ்திரிப் பெட்டியும் வைத்திருந்தான். பெட்டியை என் தலைக்கு வீசினான். இடது கையால் தடுத்தேன். எலும்பு முறிந்தது எனக்கே கேட்டது. அதன் பிறகு நான் கம்பியால் அவன் முழங்காலில் அடித்தேன். விழுந்தான். விழுந்தவன் என்னைப் பார்த்து, "நீதானா அது" என்று சிரித்தான். அதன் பிறகு அவன் தோளில் ஓங்கி அடித்தேன். தோள் உள்ளே இறங்கியது. அப்போது அவன் கையில் எதுவும் இல்லை. எழுந்திருக்கவும் முயலவில்லை.

"அப்பா, ஒரு அடின்னு எழுதுங்க. ரெண்டாவதை எழுதினா உள்ளே தள்ளிடுவாங்க" என்று மகன் சொல்லி அனுப்பினான். இரண்டு அடி அடித்தேன்.

சத்தம் கேட்டு முதலாளியும் ஆட்களும் ஏறி வந்தார்கள். அவர்தான் உங்களுக்குப் போன் செய்தார்.

என் பதிலால்தான் அவள் அடிபட்டாள் என்பதையும் இதில் சேர்க்கிறேன். நேற்று ஆஸ்பத்திரியில் அவளிடமே அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருப்பதால் அவளால் பேச முடியாது. மருந்துச் சீட்டின் பின்புறம் எழுதிக் கொடுத்தாள். நான் எழுத்துக்கூட்டி முடிக்கும்வரை காத்திருந்தாள். "மணி அடிக்கும்போதே என்னை அடிக்க அவர் கையில இஸ்திரிப் பெட்டி இருந்துச்சு. உங்க பதிலை முதல்ல பார்த்தது நான். யாரோ வர்றாங்கன்னு தெரிஞ்சதாலதான் பாத்ரூமுக்குள்ள ஓடித் தாழ் போட்டேன்." என் பதில் அடிக்கு எவ்வளவு காரணம், தாழுக்கு எவ்வளவு காரணம் என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. இரண்டையும் எழுதியிருக்கிறேன். ஐயா முடிவு செய்யவும்.

அவள் வாய் திறக்க நாளாகுமாம். அடுத்த வாரம் தன் வாக்குமூலத்தைக் கையாலேயே எழுதித் தருகிறாள். நீங்கள் என்னை வெளியே விட்டாலும் உள்ளே வைத்தாலும் அன்றைக்கு நானும் விட்டுப்போனதை எழுதித் தருகிறேன். தாள் மட்டும் கொடுத்தால் போதும்.

மேலே உள்ளது எல்லாம் நடந்தபடி நானே எழுதியது. முதலிலிருந்து கடைசிவரை நானே வாசித்துப் பார்த்தேன். யாரும் எனக்கு வாசித்துக் காட்டவில்லை.

இப்படிக்கு,
டயர் தாத்தா