ஒரே டேக்கில் ஓகே

— மேடம், மறுபடியும் "வேணும்"னு சொல்லிட்டீங்க. பேப்பர்ல இருக்கிறது "வேணாம்".

— "வேணாம்"னு தான் அண்ணே சொன்னேன். நீங்க முதல்ல உங்க ஹெட்போனை மாத்துங்க.

— சவுண்ட் என்ஜினியரா இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டின காது மேடம் இது. ஏழாவது டேக் போயிட்டிருக்கு. லிஃப்ட் நடுவுல நின்னுபோச்சு. பிரிஞ்சு போன புருஷன் தற்செயலா அதே லிஃப்ட்ல. "நான் உனக்கு இன்னும் வேணுமா"ங்கிறான். ஸ்கிரீன்ல ஹீரோயின் வாயை நல்லாத் திறந்து "வேணாம்"ங்கிறா. நீங்க உதட்டைக் குவிச்சு "வேணும்"ங்கிறீங்க. ஒட்டவே மாட்டேங்குது.

— சும்மா கேக்குறேன். படத்துப் புருஷனுக்கு டப்பிங் பேசுறவன் உன்னோட பழைய புருஷன். பக்கத்து மைக்ல நின்னு இதையே ஏழு தடவை கேட்டா அவன் என்ன நினைக்கிறது?

— நீங்க உங்க வசனத்தைப் பாருங்க. வேலையைப் பாப்போம்.

— "நீங்க"வாம்! வாய்க்கு வாய் "டா" போட்டவ.

— அண்ணே, ரோலிங் சொல்லப் போறீங்களா, இல்ல நான் கிளம்பட்டுமா?

— கோவிச்சுக்காதீங்க மேடம். படம் முழுக்க முடிஞ்சு இந்த ஒரு வசனம் தான் பாக்கி.

— இந்தப் புருஷனுக்குப் பேச வேண்டிய ஆளுக்குத் தொண்டை கட்டலைன்னா நான் இங்க வந்தே இருக்க மாட்டேன். ஏழு வருஷம் கழிச்சு ஒரே ரூம்ல நிக்கிறோம். படத்துல லிஃப்ட்டு, நமக்கு அந்த ஆளோட தொண்டை. சும்மா சொல்றேன்.

— ஆமா சார். பாவம், தொண்டை.

— நாலு நாளா ஒண்ணு கேக்கணும்னு இருக்கேன். கேட்டுடறேன், அப்ப தான் டேக் வரும். எங்க அப்பாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தப்ப போன் பண்ணினீங்களே, அப்புறம் ஏன் வரலை?

— நீ தானே வேணாம்னே?

— நானா?

— பஸ் ஸ்டாண்டுல பையோட நின்னுக்கிட்டு, "துணைக்கு நான் வேணுமா, வேணாமா"ன்னு கேட்டேன். "வேணாம்"னே. முந்தின வாரம் தான் என் மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன்னு சண்டை போட்டுட்டுப் போயிருந்தே. வேணாம்னா வேணாம்னு வீட்டுக்குத் திரும்பிட்டேன்.

— "வேணும்"னேன்.

— என்ன?

— அழுதுக்கிட்டே சொன்னேன். "வேணும்". ரெண்டு நாள் ஆஸ்பத்திரி வாசலையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

— குறுக்கே பேசறேன்னு நினைக்காதீங்க. அழுகை, மூக்கடைப்பு, அந்தப் பக்கம் பஸ் சத்தம். "ணு"வும் "ணா"வும் எந்தக் காதுக்கும் பிரிஞ்சு விழாது.

— நீங்க இவருக்குப் பரிஞ்சு பேசாதீங்க அண்ணே. இங்க ஒரு "ம்" சரியில்லைன்னா பத்து டேக் கேப்பார். பொண்டாட்டி பேச்சை மட்டும் ஒரே டேக்ல ஓகே பண்ணிட்டு வீட்டுக்குப் போயிட்டார். இன்னொரு தடவை சொல்லுன்னு கேக்க வாய் வரலை!

— ரோஷம். வேறென்ன? நீயும் தான் ஏன் வரலைன்னு கேக்கலை. நேரா வக்கீல் நோட்டீஸ்.

— எனக்கும் அதே எழவு ரோஷம் தான்.

— சரி. இப்ப கேக்குறேன். சும்மா கேக்கலை. பதில் வராம இந்த ரூமை விட்டு நகர மாட்டேன். நான் உனக்கு...

— அண்ணே, டேக் போடுங்க. வேலையைப் பாப்போம்.

— ரோலிங்.

— "நான் உனக்கு இன்னும் வேணுமா?"

— "வேணாம்."

— ஓகே! உதடு அச்சா உக்காந்திருச்சு. முடிஞ்சுது மேடம்.

— அப்ப நான் வரேன் அண்ணே. இந்தக் கட்டடத்து லிஃப்ட் மேல வரவே பத்து நிமிஷம் ஆகும்.

— போயிட்டா அண்ணே.

— நீங்க ஏன் சார் பத்து நிமிஷமா மைக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?

— இந்தத் தடவை பஸ் சத்தம் இல்ல, அழுகை இல்ல. தெளிவா விழுந்துச்சு. "ணா". நீங்களே ஓகே பண்ணிட்டீங்க.

— மறுபடியும் ஒரே டேக்கா? அது பேப்பர்ல இருந்த பதில் சார். உங்க கேள்வியை நீங்க இன்னும் முடிக்கவே இல்ல. கதவுக் கண்ணாடியில பாருங்க. லிஃப்ட் வந்து, திறந்து, மூடி, போயாச்சு. மேடம் அங்கேயே நிக்கிறாங்க.

— விடுங்கண்ணே. தற்செயலா வந்தவன், அப்படியே போயிடறேன்.

— என்ன தற்செயல்? அந்த ஆளுக்குத் தொண்டையில ஒண்ணும் கிடையாது. "அவர் தான் பேசணும், எனக்கு அவர் குரல் தான் வேணும்"னு மேடம் போன்ல சொன்னாங்க. "வேணுமா, வேணாமா"ன்னு மூணு தடவை கேட்டு உறுதி பண்ணிக்கிட்டுத் தான் சார் நான் உங்களைக் கூப்பிட்டேன்.