ஒரு டம்ளர் தக்காளி சூப்பு

ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸின் முன் சீட்டில், மடியில் தூக்குச் சட்டியோடு ஒரு பெண் இருந்தாள். பக்கத்தில் வயதான ஒரு பாயம்மா. கதவோரம் கண்டக்டர். பின் சீட்டில் நான்.

"ரசத்துல பாலை ஊத்துனேன் பாயம்மா. திரிஞ்சிடுச்சி."

"ரசத்துல யாருடி பாலை ஊத்துவா?"

"ஆஸ்பத்திரி நர்சம்மா தக்காளி சூப்பு வெக்கச் சொன்னாங்க. எங்க வீட்டுக்காரரு தோல் பதனிடுற ஷாப்புல வேல. தொண்டை அடைச்சிகினு சோறு எறங்கல. தெனம் ஒரு டம்ளராவது எறங்குனாதான் பொழைப்பாராம்."

கண்டக்டர் சிரித்தார். "புளியும் கரைச்சி ஊத்துனியாம்மா?"

"ஊத்துனேண்ணா."

கண்டக்டர் அப்புறம் சிரிக்கவில்லை.

"புளி வேணாம்," என்றார் பாயம்மா. "தக்காளிய வேகவச்சி, மசிச்சி, வடிகட்டு. எறக்கி வச்சி, சூடு கொறஞ்சப்புறம் பாலேட்டைக் கொஞ்சம் கொஞ்சமா கலக்கு. திரியாது."

மறுநாள் மாலை ஆம்பூர் திரும்பும் பஸ்ஸிலும் இருவரும் இருந்தார்கள். சட்டி இன்னும் கனமாக அவள் மடியில் இருந்தது.

"இன்னிக்கும் திரிஞ்சிடுச்சா?"

"இல்ல பாயம்மா. வெண்ணெயாட்டம் வந்திச்சி."

"பின்ன இன்னா? எத்தினி ஸ்பூன் குடிச்சாரு?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ரெண்டு."