ஜெயலக்ஷ்மி நடித்த நாடகம்

எனக்குச் சத்தம் ஆகாது, ஜானவி. டிவியில் செய்தி வாசிப்பவரின் வாய் அசைந்தால் போதும் என்று குறைத்து வைப்பேன்; அதற்காகச் சின்ன வயதில் என்னோடு நீ சண்டை போட்டிருக்கிறாய். கரமனையில் இந்தத் தெருவில் என் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. உன் அம்மாவை ஒரு தடவைகூட 'போடி' என்று சொன்னதில்லை. நீ அவளைப் பெங்களூருக்குக் கூட்டிப்போகப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாய். அதற்கு முன் இதைக் கேட்டுக்கொள். உங்களுக்கு எல்லாம் தெரியுமா அப்பா என்று ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கேட்கிறாய். தெரியும்.

நான் டெலிவிஷன் நிலையத்தில் டேப் லைப்ரரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது 'வார அரங்கு' என்று ஒரு தொடர் வந்தது. வாரம் ஒரு மேடை நாடகம். ஸ்டுடியோவில் செட் போட்டு, மேடையில் நடிப்பது போலவே முழுசாக நடிக்க வைத்துப் பதிவு செய்வார்கள். ஒரு நாடகத்தின் நாயகி காய்ச்சலில் படுத்துவிட்டாள். மலையாளம் சுத்தமாகப் பேசும் பெண் வேண்டும் என்று தயாரிப்பாளர் அலைந்தார். நான்தான் உன் அம்மாவின் பெயரைச் சொன்னேன். கல்யாணமான புதுசு. ஒத்திகைக்கு என் ஸ்கூட்டரில்தான் கொண்டுபோய் விட்டேன். பொறாமைக்காரன் இப்படியெல்லாம் செய்வானா, நீயே சொல்.

அவளுக்குப் புருஷனாக நடித்தவர் ஆனந்தகிருஷ்ணன். பக்கத்து வலியசாலைக்காரர், பல் கொஞ்சம் எடுப்பு, பாட்டும் வராது. ஒரு காட்சியில் அவர் மழையில் நனைந்து வீட்டுக்குள் வருவார். உன் அம்மா ஜெயலக்ஷ்மி அவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். பதிவு முடிந்து டேப் என்னிடம் வந்தது. போட்டுப் பார்த்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, அப்படி ஒரு சிரிப்பு. நானும் எத்தனையோ தடவை மழையில் நனைந்து வீட்டுக்கு வந்திருக்கிறேன். துண்டு எடுத்துக் கொடுப்பாள், அவ்வளவுதான். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

நாடகம் ஒளிபரப்பாக வேண்டிய வாரம் தில்லியில் ஒரு தலைவர் காலமானார். துக்கம் என்று நாள் முழுக்க ஷெனாய் வாசித்தார்கள். நாடகம் தள்ளிப்போனது. அப்புறம் பொங்காலை வந்தது, பெண்கள் தெருவெல்லாம் அடுப்பு மூட்டிப் பொங்கலிடுகிற அம்மன் திருவிழா. நேரடிப் பதிவுக்கு டேப் போதவில்லை, பழையதை அழித்துத் தரச் சொன்னார்கள். ஒளிபரப்பு முடிந்த டேப்புகளோடு இதையும் சேர்த்துக் கொடுத்தேன். அந்தச் சிரிப்பின் மேல் அடுப்பும் புகையுமாகப் பதிவாயிற்று. தயாரிப்பாளர் வந்து கேட்டபோது பூஞ்சை பிடித்துவிட்டது என்றேன். இந்த ஊர் மழைக்குப் பூஞ்சை என்று சொன்னால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. சீக்கிரமே அவரும் மாற்றலாகிப் போய்விட்டார்.

இதற்கு அப்புறம் நான் பொய் என்று பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. கல்யாண வீடுகளில் உன் அம்மா, நாடகத்தில் நடித்தேன் என்று சொல்வாள். "டிவியில வரவேயில்லையே ஜெயா" என்பார்கள். பிறகு என்னைப் பார்ப்பார்கள். நான் லேசாகச் சிரிப்பேன். புரிந்துகொண்டதாக அவர்களும் சிரிப்பார்கள். அவள் விடாமல் சொல்லிப் பார்த்தாள், அழுதாள். நீ பிறந்த பிறகு தூக்கம் இல்லாமல், அடுக்களையில் நின்று அந்த வசனங்களைத் தனியாகப் பேசத் தொடங்கினாள். பெற்ற உடம்பு, கைக்குழந்தை வேறு. மனநல டாக்டரிடம் கூட்டிப்போகாமல் என்ன செய்வது?

டாக்டர் என்னிடம்தான் கேட்டார், இவர் நடித்தது உண்மையா என்று.

"இல்ல சார். ஆசை உண்டு, பாவம். நான் அந்த டேப் லைப்ரரியிலதானே இருக்கேன். இருந்தா எனக்குத் தெரியாதா?" என்றேன்.

உன் அம்மா என் பக்கம் திரும்பினாள். "ஏன்னா, நீங்கதானே என்னை ஸ்கூட்டர்ல கொண்டுபோய் விட்டேள்?" என்றாள். கோபமாகக்கூட இல்லை, மறந்துபோனதை ஞாபகப்படுத்துகிற மாதிரி.

நான் டாக்டரைப் பார்த்து, "பார்த்தேளா சார்" என்றேன். அவர் மருந்து எழுத ஆரம்பித்தார்.

மாத்திரையில் கை நடுங்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். உன் பள்ளி ஆண்டு விழாவில் முன்வரிசையில் உட்கார்ந்து தூங்கிவிட்டாள் என்று நீ அழுதாய்; அம்மாவை இனிமேல் அழைத்து வராதீங்கோ என்றாய். நான் உன்னை ஒரு வார்த்தை திட்டினேனா? அவளுக்கு வேளாவேளைக்கு மருந்து கொடுத்தேன், தலை வாரிவிட்டேன். கடைசியில் ஒருநாள் பக்கத்து வீட்டு சிவகாமியம்மாள் பேச்சுவாக்கில் நாடகம் பற்றிக் கேட்க, "அதெல்லாம் என் தோணலாக்கும் மாமி, இப்ப பேதமாயிடுத்து, நன்னா இருக்கேன்" என்று அவளே சொன்னாள். அன்றைக்கு நம் வீட்டில் பாயசம் வைத்தோம். நீகூட இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய்.

ஆனந்தகிருஷ்ணன் பதிவு முடிந்த சூட்டோடு தனக்கென்று வீடியோ கேசட்டில் ஒரு நகல் போட்டு வாங்கிப்போனது எனக்குத் தெரியாது. சொந்த முகத்தின் மேல் அந்த மனுஷனுக்கு அத்தனை ஆசை. அவர் செத்த பிறகு பீரோவில் கிடந்ததாம். காணாமல் போன பழைய பதிவுகளைத் தேடிச் சேர்க்கிற ஸ்ரீஜித் அதைச் சுத்தம் செய்து, நடிகையின் பெயரைப் பார்த்து உன்னைத் தேடிப் பிடித்தான். நீ லாப்டாப்போடு ஓடி வந்தாய். ஞாயிற்றுக்கிழமை அவளை நடுவில் உட்கார்த்தி, "அம்மா, பாரு, நீதான்" என்று போட்டுக் காட்டினாய். அந்தச் சிரிப்பு வந்த இடத்தில் உனக்கு அழுகை தாங்கவில்லை. முகம் கழுவ உள்ளே போனாய்.

நீ போன பிறகு நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது.

"ஏன்னா, மறுபடியும் வந்துடுத்து" என்றாள், உனக்குக் கேட்காத குரலில். "இந்தப் பெட்டிக்குள்ள நானே தெரியறேன். ஜானவியும் தெரியறதுன்னு சொல்ற மாதிரி கேக்கறது. அவகிட்ட சொல்லாதீங்கோ, பயந்துடுவா. ஒரு மாத்திரை கூடுதலா தாங்கோளேன்."

அது நீதான் என்று ஒரு வார்த்தை அப்போது சொல்லியிருக்கலாம்தான். அவள் முகத்தில் அத்தனை பயம். மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன், தண்ணீரும் கொடுத்தேன். இத்தனை வருஷத்தில் அவளாக என்னிடம் ஒன்று வேண்டுமென்று கேட்டது அதுதான் முதல் தடவை. பெண்டாட்டி கேட்டு இல்லை என்று சொல்கிற அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரன் இல்லை, ஜானவி.