காற்றுப் புகாத மூடி

எனக்கு முட்டி வலி, இன்ஸ்பெக்டர் மேடம். இரண்டு முட்டியும். புத்தூரில் போய்க் கட்டுப் போட்டுப் பார்த்தேன். கட்டுகிறவர் தொட்டுப் பார்த்துவிட்டு, இது எலும்புக் கோளாறு இல்லை, இருபது வருஷம் ஈரத்தில் நின்றதற்குக் கிடைத்த கூலி என்று சொல்லி எண்ணெய் தடவி அனுப்பிவிட்டார். அதனால் காலை நீட்டித்தான் உட்கார முடியும். மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எழுதிக்கொள்ளுங்கள். பெயர் ஜெகநாதன், வயது நாற்பத்தேழு. சொந்த ஊர் வரதய்யபாளையம், இருப்பது திருப்பதி. தொழில், ஓட்டல்களில் கிரீஸ் ட்ராப் கழுவுவது. ரைட்டர் தம்பி பேனாவை நிறுத்திவிட்டார், அவருக்கு இது புரியவில்லை போலிருக்கிறது. ஓட்டலில் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் நேராகச் சாக்கடைக்குப் போகக்கூடாது, தம்பி. நடுவில் ஒரு தொட்டி இருக்க வேண்டும். எண்ணெய் மேலே மிதந்து ஆடை கட்டும். சோறும் பருப்பும் அடியில் உட்கார்ந்து சேறாகும். நடுவில் இருக்கிற தண்ணீர் மட்டும் வெளியே போகும். மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் அள்ள ஒருத்தன் வேண்டும். மலைக்குப் போய் மொட்டை போட்டு பாவத்தை இறக்கிவிட்டு வருகிறவர்கள், கீழே வந்ததும் ஆளுக்கு நாலு பூரி சாப்பிடுகிறார்கள். பாவம் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது. பூரி எண்ணெய் எங்கே போகிறது என்று தெரியும்.

சட்டம் நல்ல சட்டம்தான். தொட்டிக்குள் மனுஷன் இறங்கக்கூடாது, உறிஞ்சுகிற லாரிதான் வர வேண்டும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை கழுவ வேண்டும், ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். மூடி காற்றுப் புகாததாக இருக்க வேண்டும். என்னிடம் லாரி இருக்கிறது. இருபத்திரண்டு ஓட்டல்களின் ஃபைலிலும் அதன் போட்டோ இருக்கிறது, நான்கு பக்கத்திலிருந்தும் எடுத்தது. பம்பு பழுதாகி இரண்டு வருஷம் ஆகிறது. ஓடினாலும் அது நுழைகிற மாதிரி இந்த ஊரில் எந்த ஓட்டலுக்குப் பின்சந்து இருக்கிறது, சொல்லுங்கள்.

ரெஜிஸ்டரும் நானே எழுதுவேன். ஆறு மாதத்துக் கணக்கை ஒரே மத்தியானத்தில் எழுதிவிடலாம், ஆனால் அதற்குக் கை வேண்டும். மூன்று பேனா, இடது கையால் சில கையெழுத்து, நடுநடுவே சாம்பார் விரலால் பக்கத்தைத் திருப்புவது. ரொம்பச் சுத்தமாக இருந்தால் சோதனைக்கு வருகிற மாநகராட்சி ஆபீசருக்குச் சந்தேகம் வரும். எட்டாவது வரைதான் படித்தேன், ஆனால் என் ரெஜிஸ்டரில் இதுவரை யாரும் ஒரு பிழை சொன்னதில்லை. இதைப் பொய் என்று நீங்கள் எழுதிக்கொண்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஊரில் எல்லோருக்கும் வேண்டிய பொய்யை யாராவது ஒருத்தன் உட்கார்ந்து எழுதத்தானே வேண்டும்.

சரி, மணிவேல் விஷயத்துக்கு வருகிறேன்.

மணிவேலும் எங்கள் ஊர்தான். எங்கள் தெருவேதான். எங்கள் தெருவிலிருந்து யாராவது ஒருவனை மேஸ்திரி கூப்பிடுகிறார் என்றால், அது எதற்கு என்று போகிறவன் கேட்க மாட்டான். அவனுக்கு நாற்பத்தொரு வயது. மனைவி கமலம்மா, ஒரு பெண், அவள் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். என்னோடு பதினோரு வருஷம் இருந்தான். வாய் ஓயாது. தொட்டிக்குள் நின்றுகொண்டே மேலே இருக்கிற எனக்கு ஓட்டல் நிலவரம் சொல்வான். "ண்ணா, இந்தாளு பாமாயில மாத்திட்டான் ண்ணா. போன மாசம் வேற கம்பெனி." சரியாக இருக்கும். ஓட்டல்காரரின் வருமானத்தை அவன் சேற்றை மோந்து பார்த்தே சொல்லிவிடுவான்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சுந்தராம்பாள் அம்மாவின் ஓட்டலில் எங்களுக்கு வேலை. மத்தியானப் பந்தி ஓய்ந்ததும், இரண்டே முக்காலுக்கு அவன் ஏணி வைத்து இறங்கினான். ஏழடி ஆழம். நான் மேலே கயிற்றில் வாளி இழுத்தேன். எங்களுக்குள் ஒரு கணக்கு உண்டு, கிரைண்டர் ஓடும்போது உள்ளேயிருந்து கத்தினால் வெளியே சரியாகக் கேட்காது. இரும்புச் சுரண்டியால் சுவரில் இரண்டு தட்டு தட்டினால் வாளியை இழு என்று அர்த்தம். மூன்று தட்டு தட்டினால் நான் மேலே வருகிறேன், கை கொடு என்று அர்த்தம்.

மூன்று மணிக்கு முன்பக்கத்திலிருந்து சுந்தராம்பாள் அம்மா கையிலிருந்த பாத்திரத்தைப் போட்டது போட்டபடி ஓடிவந்தார்.

"ஜெகநாதா, ஆபீசர் வந்துக்கினு கீறாருடா. ஸ்கூட்டர நிறுத்துறாரு. உன் ஆளு எங்க?"

"டீ குடிக்கப் போயிருக்கான்மா," என்றேன்.

அவர் அதை நம்பினார். இதில் அவருக்குச் சம்பந்தம் இல்லை, அதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். சுந்தராம்பாள் அம்மா சாம்பாரில் தண்ணீர் ஊற்றுவார், அதற்குமேல் ஒன்றும் செய்யமாட்டார்.

எனக்கு இருந்தது இரண்டு நிமிஷம். மணிவேல் தொடை வரை சேற்றில் நின்றான். அவனை ஏற்றி, கழுவி, லுங்கி மாற்றி மறைக்கப் பத்து நிமிஷமாவது ஆகும். ஆபீசர் பார்த்தால் லைசென்ஸ் போகும், இருபத்திரண்டு ஓட்டலும் போகும், என்னை நம்பி இருக்கிற ஒன்பது பேருடைய சோறும் போகும். அந்த ஒன்பதில் மணிவேலும் ஒருத்தன். அவனுக்காகவும் சேர்த்துத்தான் யோசித்தேன், இது யாருக்கும் புரிவதில்லை. குனிந்து, "டேய், ஆபீசர்ரா. சத்தம் போடாம அப்படியே நில்லு," என்றேன்.

"சீக்கிரம் அனுப்பிடு ண்ணா," என்றான். "இன்னிக்கு கண்ணு ரொம்ப எரியுது. மூடிய ஒரு விரக்கடை உட்டு வை."

ஏணியை எடுத்துச் சுவரோரம் சாய்த்தேன். மூடியைப் போட்டேன். அவன் கேட்ட அந்த ஒரு விரல் இடைவெளியை விடவில்லை. விட்டால் நாற்றம் வரும், நாற்றம் வந்தால் ஆபீசர் கேட்பார். அந்த மூடியை அதற்கு முந்தின மாதம்தான் மாற்றியிருந்தேன். வார்ப்பிரும்பு, சுற்றிலும் ரப்பர். நான் காட்டுகிற ஃபைல்களிலேயே முழுக்க உண்மையான சரக்கு அது ஒன்றுதான்.

ஆபீசர் ஹரிபிரசாத் நல்ல மனிதர். சித்தூர்க்காரர், தெலுங்கும் தமிழும் ஒரே வாயில் வரும். ஆள் தொண்ணூறு கிலோ இருப்பார், வெயில் ஆகாது. பின்சந்தில் நிழல் விழுகிற இடம் ஒன்றுதான் உண்டு, அது தொட்டி இருக்கிற இடம். முதலில் அவர் மூடியைப் போட்டோ எடுத்தார். பிறகு நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து அந்த நிழலில் போட்டேன். மூடியின்மேல்தான் போட்டேன். "கூச்சோண்டி சார், உட்காருங்க," என்றேன். அவர் உட்கார்ந்து ரெஜிஸ்டரைத் தொடையில் விரித்தார்.

மூன்று தட்டுக் கேட்டது.

"ஏமய்யா, இன்னா சத்தம் அது?" என்றார்.

"உள்ள இஞ்சி தட்டுறாங்க சார். உங்களுக்குத்தான், டீக்கு."

உள்ளே போய், மாஸ்டரிடம் ஆபீசருக்கு இஞ்சி டீ போடச் சொன்னேன். நன்றாகத் தட்டிப் போடச் சொன்னேன். அப்படியே கிரைண்டரில் கொஞ்சம் மாவும் ஓட்டச் சொன்னேன். திரும்பி வந்தபோது ஆபீசர் காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கால் கீழ அதுருதய்யா."

"கிரைண்டர் சார். பழைய பில்டிங்கு."

"மூடி ஸ்ட்ராங்காதான் கீது," என்றார். எழுதிக்கொண்டார்.

மூன்று மூன்றாகத்தான் தட்டினான். நான் எண்ணினேன். எண்ணுவது எனக்குப் பழக்கம். ஆறு தடவை மூன்று. பிறகு இரண்டு வந்தது. இரண்டு என்றால் வாளியை இழு என்று அர்த்தம், ஆனால் வாளி என் காலடியில் இருந்தது, அதனால் அது கணக்குத் தவறி வந்தது என்று எடுத்துக்கொண்டேன். பிறகு ஒன்று. அதற்கு எங்களுக்குள் அர்த்தம் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. பத்து நிமிஷத்துக்குப் பிறகு தொந்தரவு இல்லை. பிள்ளை சொன்ன பேச்சுக் கேட்டு அமைதியாக நிற்கிறான் என்று நினைத்தேன்.

ஆபீசர் அவசரப்படுகிறவர் இல்லை. மகளுக்கு வரன் பார்ப்பதைப் பற்றிச் சொன்னார். மாப்பிள்ளைக்கு ரேணிகுண்டாவில் வீடு இருக்கிறதாம், ஆனால் முடி கொட்டுகிறதாம். "முடி போனா என்ன சார், வீடு கொட்டாதே," என்றேன். ரொம்ப நேரம் சிரித்தார், நாற்காலி ஆடியது. இரண்டாவது டீயும் வந்தது. ரெஜிஸ்டர் ஒழுங்கு, மூடிப் பொருத்தம் நன்று, துர்நாற்றம் இல்லை, தொட்டிக்குள் ஆள் இறக்குவதில்லை. நான்கிலும் டிக் போட்டார். பத்துக்கு ஒன்பது. ஒன்றை எதற்குக் குறைத்தார் என்று கேட்டேன். முழுசாகக் கொடுத்தால் மேலே நம்ப மாட்டார்கள் என்றார். அந்த விஷயத்தில் அவரும் நானும் ஒரே பள்ளிக்கூடம்.

மூன்று முப்பத்தைந்துக்கு எழுந்தார். ஸ்கூட்டர் வரை கூடவே போய் வழியனுப்பினேன். அது முறை. திரும்பி வரும்போது சுந்தராம்பாள் அம்மா அந்தத் தாளை லேமினேட் செய்ய ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். நான் ஆறிப்போயிருந்த என் டீயைக் குடித்தேன். பிறகு போய் மூடியைத் திறந்தேன்.

என்ன பார்த்தேன் என்பது போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டில் இருக்கிறது. சுரண்டி கையிலேயே இருந்தது, அதை மட்டும் நான் சொல்கிறேன்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் எழுத்து வேலை. ஏணியைத் திரும்ப உள்ளே இறக்கினேன். நாலு மணிக்கு, நான் இல்லாத நேரத்தில், சொல்லாமல் தானாக இறங்கிவிட்டான் என்று ரெஜிஸ்டரில் எழுதினேன். அதற்கு முந்தின வாரத்துப் பக்கம் ஒன்றில், தொட்டியில் இறங்கக்கூடாது என்று அவனுக்கு எச்சரிக்கை கொடுத்ததாக எழுதி, அவன் கையெழுத்தையும் போட்டேன். அவன் கையெழுத்து சுலபம், ம-வுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. அப்புறம்தான் கத்தினேன். உங்கள் ஸ்டேஷனில் முதல் தடவை நான் கொடுத்த வாக்குமூலமும் அதுதான். கமலம்மாவிடம் சொன்னதும் அதுதான். அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இருந்திருந்தா உட்டிருக்க மாட்டீங்க ண்ணா," என்று சொன்னது. ஆமாம்மா என்றேன்.

நீங்கள் ஆபீசரின் போனிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்திருக்கிற போட்டோ நன்றாக விழுந்திருக்கிறது. மூன்று மணி ஐந்து நிமிஷம் என்று கீழே இருக்கிறது. மூடி போட்டிருக்கிறது, ஏணி சுவரில் இருக்கிறது. ரப்பருக்கு அடியில் ஒரு வால் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது பாருங்கள், அது கயிறு. ஒரு முனை வாளியில் இருந்தது. இன்னொரு முனையை அவன் எப்போதும் இடுப்பில் கட்டிக்கொள்வான். மூடுகிற அவசரத்தில் அதை நான் கவனிக்கவில்லை. ஆபீசரும் கவனிக்கவில்லை. நீங்கள் கவனித்தீர்கள். பெண்பிள்ளைகள் படித்தால் இப்படித்தான்.

இவ்வளவு நேரம் கேட்டுவிட்டு நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்கிறீர்கள். மூடினால் உள்ளே இருக்கிறவன் செத்துப்போவான் என்று உனக்குத் தெரியுமா, தெரியாதா என்று. தெரியாது என்று சொல்லும்படி வக்கீல் சொல்லியிருக்கிறார். நான் இறங்கின காலத்தில் தொட்டிகளுக்கு மூடியே கிடையாது, திறந்த குழியில்தான் வேலை செய்தேன், உள்ளே காற்று நிற்குமா போகுமா என்று எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லச் சொன்னார். நல்ல பதில்தான். பாதி உண்மையும்கூட.

மீதிப் பாதி சித்தூரில் நடந்தது. ஆறு வருஷம் இருக்கும். ஒரு கல்யாண மண்டபம். அன்றைக்கு நான் உள்ளே, மணிவேல் மேலே. அவன் வாளியைக் கொட்டிவிட்டு வரப் போயிருந்தான். பந்தி நடக்கிறது, நாற்றம் வருகிறது என்று மண்டபத்து ஆள் ஒருத்தன் குழிமேல் கல்லைத் தள்ளி மூடிவிட்டான். முதலில் கண் எரியும். அப்புறம் அழுகிய முட்டை நாற்றம் தொண்டை வரை வரும். அதுவரை பயமில்லை. திடீரென்று நாற்றம் நின்றுவிடும், எல்லாம் சுத்தமாகிவிட்ட மாதிரி இருக்கும். அப்போதுதான் பயப்பட வேண்டும். நானும் தட்டினேன். எத்தனை தட்டினேன் என்று எண்ணவில்லை. எண்ண முடியாது.

மணிவேல் வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்து கல்லைத் தள்ளியிருக்கிறான். மூச்சைப் பிடித்துக்கொண்டு குதித்து, என் கக்கத்தில் கயிற்றைக் கட்டி, மேலே ஏறி இழுத்திருக்கிறான். கண் திறந்தபோது மண்டபத்து வாசலில் வாழை மரத்தடியில் கிடந்தேன். மண்டபத்து ஆள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். மணிவேல் என் முகத்தில் மோரை ஊற்றிக்கொண்டு, "துன்றத கொஞ்சம் கொறச்சுக்கோ ண்ணா. இன்னொரு தபா என்னால தூக்க முடியாது," என்றான்.

நன்றி என்று எங்கள் பக்கத்தில் சொல்கிற வழக்கம் இல்லை. நானும் சொல்லவில்லை. அவனும் அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆக, தெரியும் மேடம். நாற்காலியைப் போடும்போதும் தெரியும், இஞ்சி தட்டச் சொல்லும்போதும் தெரியும், இரண்டாவது டீ வரும்போதும் தெரியும். எந்த நிமிஷத்தில் அவனுக்குக் கண் எரிந்திருக்கும், எந்த நிமிஷத்தில் நாற்றம் நின்றிருக்கும் என்று ஆபீசரின் மாப்பிள்ளைக் கதையைக் கேட்டுக்கொண்டே உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். தெரியும் என்றே எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்தைச் சரியான கையால் போடுகிறேன்.

கமலம்மாவுக்கும் பெண்ணுக்கும் செய்ய வேண்டியதை நிலத்தை விற்றாவது செய்துவிடுவேன், அது பெரிய விஷயம் இல்லை. மணிவேலுக்கு நான் தர வேண்டியது ஓர் உயிர். அதைத் தர எனக்கு முப்பத்தைந்து நிமிஷம் கொடுத்திருந்தான். நான் கொடுக்கவில்லை. அது இன்னும் பாக்கி இருக்கிறது.