பஞ்சு வைத்த அறை

அந்த மின்விசிறிக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் போதும் ஐயா, முனகல் நின்றுவிடும். குறையாகச் சொல்லவில்லை. எங்கள் கட்டடத்தில் ஒரு விசிறி இப்படி ஓடினால், பக்கத்து வீட்டுக்காரர் வந்து வாய் திறக்காமல் விரலை மேலே காட்டிவிட்டுப் போவார். அந்தப் பழக்கம். நீங்கள் நாற்காலியை இழுத்தபோதுகூட என் தோள்கள் தாமாகத் தூக்கிக்கொண்டன. பயப்படாதே என்றீர்கள். என் பயம் உங்களைக் கண்டு இல்லை.

நான் மெத்தை தைப்பவன். சோபாவுக்கு உறை மாற்றுவேன். வீட்டு முன்னறைதான் பட்டறை. கட்டடத்தில் எல்லாருக்கும் நான் பஞ்சு. வயதில் சிறியவர்களுக்குப் பஞ்சு அண்ணன்.

அமைதிக் குடியிருப்புத் திட்டம் நல்ல எண்ணத்தில் வந்ததுதான். இரைச்சலால் இருதயம் கெடுகிறது, தூக்கம் கெடுகிறது என்று அரசாங்கம் ஆராய்ந்து சொன்னது. மாடிப்படித் திருப்பம் ஒவ்வொன்றிலும் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி வைத்தார்கள். சத்தம் அளவுக்குள் இருந்தால் பச்சை விளக்கு, மீறினால் சிவப்பு. சிவப்பு அடிக்கடி எரியாத கட்டடத்துக்கு மின்கட்டணம் பாதி, நாள் முழுவதும் தண்ணீர், லிஃப்ட் பராமரிப்பு அரசாங்கச் செலவு. வீட்டுக்கு வீடு என்றால் அவனவன் பாடு என்று இருந்திருப்போம். சலுகை கட்டடத்துக்கு மொத்தமாக. ஒருவர் தும்மினால் எல்லாருக்கும் சளி பிடிக்கிற ஏற்பாடு.

என் மனைவிக்கு இடுப்புக்குக் கீழே பலமில்லை. நாங்கள் இருப்பது நான்காவது மாடி. திட்டம் வரும்வரை லிஃப்ட் என்பது துடைப்பம் வைக்கிற இடம். சிகிச்சைக்குப் போகும்போதெல்லாம் அவளை முதுகில் சுமந்து இறக்குவேன். "மூட்டை தூக்கறவனுக்குக் கூலி உண்டு. உங்களுக்கு நான் என்னத்தைக் குடுக்கறது?" என்று காதருகே சொல்லிச் சிரிப்பாள். சிரிப்புக்குப் பின்னால் அவள் கூசிப்போயிருப்பது எனக்குத் தெரியும். லிஃப்ட் ஓடத் தொடங்கிய அன்று சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி, ஒரு வேலையும் இல்லாமல், மேலும் கீழும் போய்வந்துகொண்டே இருந்தாள். அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பழகிக்கொண்டோம். நாற்காலிக் கால்களுக்கெல்லாம் கம்பளித் துண்டு ஒட்டிக் கொடுத்தேன். பிள்ளைகள் கத்தாமல் கிள்ளிச் சண்டை போடக் கற்றுக்கொண்டார்கள். "இங்க கொசுகூட பாடாமதான் கடிக்குது" என்று என் மனைவி சொல்வாள். இரண்டாவது மாடியில் ஒரு பெரியவர் இறந்தபோது அவருடைய மகள்கள் வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதார்கள். அந்தக் குடும்பத்தைச் சங்கச் செயலாளர் கூட்டத்தில் எழுப்பி நிறுத்திப் பாராட்டினார். நாங்கள் கை தட்டவில்லை, உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டோம்.

எங்கள் பக்கத்து வீட்டுக்கு ஒரு தம்பதி குடிவந்தார்கள். அவர் லாரி ஓட்டுநர். சாந்தமானவர், படியேறும் சத்தம்கூடக் கேட்காது. அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொல்பவள். ஊரே அறிந்த குரல். அவர்கள் வந்த பிறகு எங்கள் மாடிப் பெட்டி சிவப்பாகத் தொடங்கியது.

செயலாளர் பேசப் போனார். துணைக்கு என்னையும் கூட்டிப்போனார். அவள் உதட்டில் ஈரத்துணியை வைத்து அழுத்தியபடி கதவைத் திறந்தாள்.

"குடும்பம்னா முன்னப்பின்ன இருக்கும்மா. அதுக்கு இப்படிக் கத்தலாமா? எத்தனை வீடு இந்த விளக்கை நம்பி இருக்கு?"

"நான் கத்தலேன்னா அவரு நிறுத்த மாட்டாரு சார்."

"அதை மெதுவா சொல்லிப் பாருங்களேன்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெட்டி அடியை அளப்பதில்லை ஐயா. அலறலைத்தான் அளக்கிறது. ஓட்டுநர் கை ஓங்குவதில் சத்தமில்லை. ஆகவே எங்கள் கணக்கில் தப்பு செய்தவள் அவள். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அவள் வந்தால் லிஃப்டில் இருந்தவர்கள் நகர்ந்து நின்றார்கள்.

அவர்களுடைய உள்ளறைக்குப் பஞ்சு வைப்பது என்று சங்கத்தில் முடிவானது. ஓட்டுநர் உடனே சம்மதித்தார். வேலையை எனக்குக் கொடுத்தார்கள். மரச்சட்டம் அடித்து, கழிவுப்பஞ்சை அழுத்தி, மேலே கம்பளி, அதற்கு மேல் கெட்டித் துணி. சுவர், கதவு, ஜன்னல் எல்லாவற்றுக்கும். அவ்வளவு நேர்த்தியாக நான் வேறு எதையும் செய்ததில்லை. அவள் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள்.

"எனக்காகவா தைக்கறீங்கண்ணா?"

"கட்டடத்துக்காகம்மா."

வேலை முடிந்ததும் செயலாளர் தாமே உள்ளே போய்க் கத்திப் பார்ப்பதாகச் சொன்னார். நாங்கள் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். பச்சை பச்சையாகவே இருந்தது. திறந்தபோது அவர் வேர்த்துப்போயிருந்தார்.

"நிஜமா கேக்கலையா?"

"ஒண்ணும் கேக்கல சார்."

"உள்ள ஒரு மாதிரி இருக்கு பஞ்சு," என்றார். பிறகு அதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

அன்று மாலை ஓட்டுநர், அந்த அறைக் கதவின் தாழ்ப்பாளை வெளிப்பக்கமாக மாற்றிக் கொடுக்கச் சொன்னார். நான் தச்சன் இல்லை. ஆனால் தாழ்ப்பாள் என்பது நாலு திருகாணிதானே. "நான் வண்டியெடுத்துட்டு வெளியூர் போனா தங்கச்சி வீட்டுக்கு ஓடிடறா. போற வழியெல்லாம் ஒப்பாரி. உங்களுக்கும் தொந்தரவு," என்றார். உங்களுக்கும் என்ற சொல்லை அவர் அழுத்தவில்லை. இயல்பாகத்தான் சொன்னார்.

அந்த மாதத்துக்கு அனுமதித்த சிவப்புகளில் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. அதுவும் எரிந்தால் சலுகை போகும். வெள்ளிக்கிழமை அதிகாரி வந்து பார்த்துச் சான்றிதழ் தருவதாக இருந்தது. செவ்வாயன்று ஓட்டுநர் லாரியோடு கிளம்பிப்போனார். மறுநாள் வந்துவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

புதன் மதியம் நான் மெத்தைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தேன். அலமாரிக்குப் பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

"அண்ணா. பஞ்சு அண்ணா."

ஊசியை மெத்தையில் குத்திவிட்டு அலமாரியைச் சத்தமில்லாமல் நகர்த்தினேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரில் பழைய குழாய் போன துளை ஒன்று இருந்தது. அந்த இடத்தில் பஞ்சு கொஞ்சம் குறைந்துபோய், மேலாக மூடியிருந்தேன். அவள் விரலால் தோண்டி எடுத்திருந்தாள்.

"அவரு இன்னும் வரலண்ணா. தண்ணி தீந்துபோச்சு. மூச்சு முட்டுது. நீங்க வச்ச தாழ்ப்பாள்தானே, நீங்களே வந்து திறந்துவிடுங்க. வாசக்கதவுச் சாவி செயலாளர்கிட்ட இருக்கு."

உள்ளறையிலிருந்து என் மனைவி, "யாரு கூப்பிடறது?" என்று கேட்டாள்.

"குழாய்ல காத்து."

நியாயமாக யோசித்துப் பாருங்கள். திறந்துவிட்டால் அவள் சும்மா போவாளா? நான்கு மாடி, நான்கு பெட்டி. வாய்விட்டு அழுதுகொண்டே இறங்குவாள். இறங்கத்தான் செய்வாள், அவளைக் குறை சொல்ல முடியாது. லிஃப்ட் நின்றுவிடும். நான் மறுபடியும் முதுகைக் குனிய வேண்டும். என் மனைவி மறுபடியும் என் காதருகே சிரிக்க வேண்டும். துளையருகே போய், "வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கம்மா" என்றேன்.

"அதுவரைக்கும் தாங்காதுண்ணா."

வியாழன் முழுவதும் அவள் கூப்பிட்டாள். ரப்பர் குழாய் ஒன்றை நுழைத்துத் தண்ணீர் விட்டிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். பட்டறையிலேயே குழாய் இருந்தது. கையில் எடுத்தேன்கூட. தெம்பு வந்தால் குரலும் வந்துவிடுமே என்று தோன்றியது. திரும்ப மாட்டிவிட்டேன். மாலையில் துளையில் பஞ்சை அடைத்து, கம்பளி வைத்து, தோல் துண்டால் மூடி ஆணி அடித்தேன். சுத்தியலுக்குத் துணி சுற்றிக்கொண்டேன். உள்ளிருந்து ஒரு விரல் அந்தப் பஞ்சைத் தள்ளியது. நான் இந்தப் பக்கம் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தேன், அது ஓயும்வரை.

வெள்ளியன்று அதிகாரி வந்தார். ஒவ்வொரு மாடியிலும் பச்சை. எங்கள் மாடியில் நின்று, "இதுதான் முன்மாதிரித் தளம்" என்றார். செயலாளர் பக்கத்து வீட்டுக் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

அன்று மாலையாவது ஏன் திறக்கவில்லை என்று கேட்கிறீர்கள். மறைக்கவில்லை, பயந்தேன். உள்ளே இருக்கும் அமைதியைக் கண்டு பயந்தேன். அது நான் தைத்த அமைதி மட்டும்தானா என்று தெரிந்துகொள்ளப் பிடிக்கவில்லை. ஓட்டுநர் ஞாயிறன்று வந்தார். அவரும் கத்தவில்லை.

உங்களுக்குச் சொன்னது என் மனைவிதான். லிஃப்ட் வேலை செய்தும் அவள் அதில் ஏறவில்லையாம். தரையில் உட்கார்ந்து, கையை ஊன்றி, படிபடியாக நகர்ந்தே நான்கு மாடியும் இறங்கியிருக்கிறாள். அதை மட்டும் என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. அவளுக்காகத்தானே எல்லாம்.

தாழ்ப்பாளை வெளியே மாற்றியவன் நான். தண்ணீர் தராதவன் நான். துளையை அடைத்தவனும் நான். கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா. அந்தத் துளை வழியாக அவள் ஒரே ஒரு முறை வீறிட்டிருந்தால் போதும், என் பட்டறையைத் தாண்டிப் பெட்டிக்குக் கேட்டிருக்கும், கட்டடமே வாசலில் கூடியிருக்கும். அவளுக்கு அது தெரியும். ஆனாலும் இரண்டு நாளும் என்னிடம் கிசுகிசுவென்றுதான் பேசினாள். தொண்டை வறண்டதால் என்கிறார் உடலை அறுத்துப் பார்த்த மருத்துவர். அடிக்குப் பயந்த பழக்கம் என்கிறீர்கள் நீங்கள். உங்கள் இருவருக்கும் எங்கள் கட்டடத்தைத் தெரியாது. கடைசிவரை அவள் எங்களோடு ஒத்துழைத்தாள் என்று எழுதிக்கொள்ளுங்கள்.