என்னை ஏண்ணே வெளிய எடுத்தீங்க?

தங்கமாரி: ...அதெல்லாம் விடுங்கண்ணே. என்னை ஏன் வெளிய எடுத்தீங்க? அதை மட்டும் சொல்லுங்க.

யாக்கோபு: சொன்னேன்டா. இப்பதான் சொன்னேன்.

தங்கமாரி: எப்ப சொன்னீங்க?

யாக்கோபு: கிரவுண்டுல ஆட்டோ ஏறும்போது ஒருவாட்டி. ஒரகடம் கூட்ரோடு தாண்டும்போது ஒருவாட்டி.

தங்கமாரி: விளையாடாதீங்கண்ணே. ஃபைனல் மேட்ச்சு. பாதி ஆட்டம் பாக்கி கிடக்கு. கேப்டனைப் போயி எந்த மேனேஜராச்சும் வெளிய எடுப்பானா?

யாக்கோபு: நீ களைச்சுப் போயிட்ட. புது காலு வேணும்னு அன்பை இறக்குனேன்.

தங்கமாரி: களைச்சுப் போனேனா? நானா? நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு நேரா கிரவுண்டுக்கு வந்து ஓடுதவன் நான்! அன்புக்கு இடது காலே வராதுண்ணே. உங்களுக்கே தெரியும்.

யாக்கோபு: அவன் காலைப் பத்தி இப்ப இன்னாத்துக்கு? அந்த ஐஸ் துணியைத் தலையில வெச்சிக்கோ. கீழ எடுக்காத.

தங்கமாரி: ஐஸ் எதுக்கு?

யாக்கோபு: வெயிலுடா.

தங்கமாரி: ஸ்கோர் என்ன?

யாக்கோபு: ஒண்ணுக்கு ஒண்ணு.

தங்கமாரி: நம்ம கோலு யாரு போட்டா?

யாக்கோபு: நீதான்டா போட்ட.

தங்கமாரி: ஆமா... ஆமா, நான்தான். இப்ப எங்க போறோம்?

யாக்கோபு: ஸ்ரீபெரும்புதூர்.

தங்கமாரி: ஐயையோ, எனக்கு செகண்ட் ஷிஃப்டு! கம்பெனி பஸ் போயிருமே. டிரைவர், வண்டிய நிறுத்துங்க...

யாக்கோபு: நீ போய்க்கினே இருப்பா, நிறுத்தாத. டேய், உக்காரு! இன்னைக்கு ஞாயித்துக்கெழமை. உனக்கு லீவு.

தங்கமாரி: அந்தா, பஸ்ஸு வரிசையா நிக்கி?

யாக்கோபு: அது வேற கம்பெனி பஸ்ஸு, ஓவர்டைம் பாக்குற ஆளுங்களுக்கு. முன்னாடி பாரு, கார் ஏத்துன ட்ரெய்லரு திரும்ப முடியாம குறுக்க நிக்குது. அதான் இந்த ஜாமு.

தங்கமாரி: ஃபைனல் ஆடிட்டு ஸ்ரீபெரும்புதூர்ல நமக்கு என்ன வேலை? கப்பு வாங்க வேண்டாமா?

யாக்கோபு: பசங்க வாங்கிக்குவானுங்க.

தங்கமாரி: அப்ப ஜெயிச்சிட்டோமா?

யாக்கோபு: ...ஜெயிச்சிட்டோம்.

தங்கமாரி: ஒண்ணுக்கு ஒண்ணுன்னு சொன்னீங்க?

யாக்கோபு: அதுக்கு அப்புறம் ஒண்ணு போட்டோம்.

தங்கமாரி: யாரு?

யாக்கோபு: ...அன்பு.

தங்கமாரி: எந்தக் காலு?

யாக்கோபு: இடது.

தங்கமாரி: பொய்.

யாக்கோபு: எல்லாத்தையும் மறந்துட்டு இதை மட்டும் எப்படிடா ஞாபகம் வெச்சிக்கினு கீற?

தங்கமாரி: நான் எதை மறந்தேன்?

யாக்கோபு: ஒண்ணுமில்ல. தண்ணி குடி. மெதுவா... வாந்தி வருதா?

தங்கமாரி: இல்ல... லேசா. உங்க போனு அடிக்கிண்ணே.

யாக்கோபு: அடிக்கட்டும்.

தங்கமாரி: சுபாஷ் சார்னு வருது. க்ளப் தலைவர் போனையே கட் பண்ணுதீங்க?

யாக்கோபு: கப்பு வாங்குன சந்தோஷத்துல பேசுவாரு. அப்புறம் பேசிக்கலாம்.

தங்கமாரி: சந்தோஷத்துலயா இத்தனை தடவை அடிப்பாரு? ...அண்ணே, சென்னை க்ளப்புல இருந்து அந்தக் கோச்சு வந்தாரே, என்னைப் பார்க்க. இருக்காரா, போயிட்டாரா?

யாக்கோபு: போயிட்டாரு.

தங்கமாரி: நான் வெளிய வந்ததுக்குப் பொறகா, முன்னாடியா?

யாக்கோபு: தெரியல.

தங்கமாரி: அடுத்த மாசம் எனக்கு கம்பெனியில காண்ட்ராக்ட் முடியுதுண்ணே. லைன்ல இருந்து அனுப்பிட்டா கோவில்பட்டிக்குத்தான் போகணும். இன்னைக்கு அந்தாளு என்னை எடுத்துக்கிடுவாருன்னு வீட்டுக்காரி செல்வலட்சுமிட்ட சொல்லிட்டு வந்தேன். அவ எங்க அத்தைக்கே போன் போட்டுச் சொல்லிட்டா. நீங்க என்னடான்னா... என்னை ஏண்ணே வெளிய எடுத்தீங்க?

யாக்கோபு: ...நாலாவது வாட்டி.

தங்கமாரி: என்னது நாலாவது?

யாக்கோபு: ஒண்ணுமில்லடா. ஒரு மேட்ச்சுல எல்லாம் முடிஞ்சிடாது.

தங்கமாரி: உங்களுக்கு ஒரு மேட்ச்சுலதானே எல்லாம் ஆரம்பிச்சுது? நீங்க ஃபைனல்ல போட்ட அந்தக் கோலை வச்சித்தானே நம்ம சேரப்பணஞ்சேரி க்ளப்புல கூப்பிட்டு மேனேஜராக்குனாங்க? ஒரு கோலு போட்டவருக்கு இன்னொருத்தன் கோலு போடப் போறது பொறுக்கலியா?

யாக்கோபு: தபாரு, வாயி ஓவரா போவுது.

தங்கமாரி: கோவமா?

யாக்கோபு: இல்ல. பேசு. நல்லா திட்டு. ஆனா தூங்காத. கண்ணைத் திற!

தங்கமாரி: வெளிச்சம் கூசுது... நீங்க பேசுங்க, நான் கேக்கேன். அந்தக் கோலைச் சொல்லுங்க.

யாக்கோபு: எத்தனை வாட்டிடா கேப்ப?

தங்கமாரி: சொல்லுங்கண்ணே.

யாக்கோபு: அப்ப நான் கம்பெனி டீமுல கீறேன். சென்னையில ஃபைனலு. சரியான மழை. பந்து சோப்பு மாதிரி வழுக்குது. கடைசி நேரம், வலது பக்கம் கார்னரு. எங்க டீமு தளவாய் அடிக்கிறான். நான் ரெண்டு பேருக்கு நடுவுல பூந்து, அப்படியே பறந்து, தலையால ஒரு முட்டு. போஸ்ட்டு உள்பக்கம் பட்டு உள்ள போச்சு. கேலரியில ஒரு ஆளு செருப்பைக் கழட்டி மேல வீசுறான். அது திரும்பி வரவே இல்ல.

தங்கமாரி: கோல்கீப்பர் எந்தப் பக்கம் பாஞ்சான்?

யாக்கோபு: அது சரியா தெரியல. முன்னாடி ஒருத்தன் எழுந்து நின்னு மறைச்சிட்டான்.

தங்கமாரி: முன்னாடி எழுந்து நின்னானா? கிரவுண்டுக்கு உள்ளயா?

யாக்கோபு: ...மழைடா. குழப்பாத.

தங்கமாரி: நீங்கதான் குழப்புதீங்க. சரி, அவ்வளவு பெரிய ஆளு ஏன் ஆட்டத்தை விட்டீங்க?

யாக்கோபு: முட்டி போச்சு. ஊருக்கே தெரியும்.

தங்கமாரி: எந்த முட்டி?

யாக்கோபு: இடது.

தங்கமாரி: பொங்கலப்ப வலதுன்னீங்க.

யாக்கோபு: ரெண்டு முட்டியும் நல்லாதான் கீதுடா.

தங்கமாரி: அப்புறம்?

யாக்கோபு: தலை. அந்த ஃபைனல்ல முதல் பாதியிலயே ஒருத்தன் முழங்கை பின்மண்டையில பட்டுச்சு. ஆடுவியான்னு மேனேஜர் கேட்டாராம். ஆடுவேன்னு சொன்னேனாம். வெளிய எடுக்கல. அடுத்தடுத்த மேட்ச்சும் ஆடுனேன், திரும்பத் திரும்ப அடி. அப்புறம் லைட்டைப் பார்த்தா தலை பிளக்கும். ட்ரெஸ்ஸிங் ரூமுல பக்கத்துல உக்காந்திருக்கிறவன் பேரு வராது. ஒருநாள் மணிமங்கலத்துல எங்க வூட்டுக்கு வழி தெரியாம ரோட்டுல நின்னேன். கம்பெனியில அனுப்பிட்டாங்க.

தங்கமாரி: அதை ஏண்ணே முட்டின்னு சொன்னீங்க?

யாக்கோபு: முட்டி போனவனை மேனேஜரா வெச்சுப்பாங்க. மண்டை போனவனை வாட்ச்மேனாக்கூட வெச்சுக்க மாட்டாங்கடா.

தங்கமாரி: ...அண்ணே, நாம ஆஸ்பத்திரிக்கா போறோம்?

யாக்கோபு: ஆமா. ஸ்கேன் எடுக்கணும். உங்க அண்ணி மெர்சி அங்க முன்னாடியே போயி நிக்கிறா.

தங்கமாரி: எனக்கு ஒண்ணுமில்லண்ணே.

யாக்கோபு: இடைவேளைக்கு அப்புறம் நீ நம்ம கோலைப் பார்த்து நின்ன. நாலு வருஷமா உன்கூட ஆடுற அன்பு கோட்டுக்கு வெளிய நிக்கிறான், அவனைப் பார்த்து, "தம்பி, நீ எந்த டீமு"ன்னு கேட்ட. அதான் எடுத்தேன். போதுமா? நீ கோல் போட்டப்பவே எடுத்திருக்கணும்.

தங்கமாரி: கோல் போட்டவனையா?

யாக்கோபு: கோல் போட்டவன் ஓடுவான், கத்துவான், சட்டையைக் கழட்டுவான். நீ பஸ் ஸ்டாப்புல நிக்கிற மாதிரி நின்ன. ஆனா ஃபைனலு... இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாம்னு விட்டுட்டேன்.

தங்கமாரி: நாம ஜெயிக்கல, இல்ல?

யாக்கோபு: இல்லடா. ரெண்டுக்கு ஒண்ணு தோத்துட்டோம். அன்பு கோலு போடல.

தங்கமாரி: நான்தான் சொன்னேன்ல, அவனுக்கு இடது காலு...

யாக்கோபு: சிரிக்காத, தலை ஆடுது.

தங்கமாரி: சுபாஷ் சார் என்ன சொன்னாரு?

யாக்கோபு: உன்னைத் திரும்ப இறக்குன்னாரு. சப் பண்ண ஆளைத் திரும்ப இறக்க முடியாதுன்னுகூட அந்தாளுக்குத் தெரியல. முடியாதுன்னேன். கோப்பை கைவிட்டுப் போச்சு, நாளையில இருந்து நீ வராதன்னு அங்கயே எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு.

தங்கமாரி: என்னாலயா?

யாக்கோபு: உன்னால இல்ல. நான் எடுத்த முடிவு. இவ்ளோ நாள் மேனேஜரா இருந்ததுல இன்னைக்குதான் ஒரு நல்ல வேலை பண்ணேன்.

தங்கமாரி: அந்தச் சென்னைக் கோச்சு...

யாக்கோபு: அவரு எங்கிட்ட வந்து, பையன் தேறட்டும், டாக்டர் சரின்னு சொன்னா கூட்டியான்னாரு. கூப்பிடுவாரா, மாட்டாரா, தெரியாது. உன்னை நம்ப வெக்க மாட்டேன்.

தங்கமாரி: நானும் ஒண்ணு மறைச்சிட்டேண்ணே.

யாக்கோபு: இன்னா?

தங்கமாரி: ஆட்டம் ஆரம்பிச்ச உடனேயே அடிபட்டிருச்சு. அவங்க டிஃபெண்டரோட மண்டையில மோதுனேன். எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சுது. அண்ணன்ட்ட சொல்லாதேன்னு, தண்ணி கொண்டாந்த அன்பு கையைப் பிடிச்சிக் கெஞ்சுனேன். அவ்வளவுதான் இருக்கு. அதுக்குப் பொறகு ஒண்ணுமே இல்ல. கோலு நான் போட்டேன்னு நீங்க சொல்லுதீங்க, நானும் ஆமா ஆமாங்கேன்.

யாக்கோபு: தெரியும்டா.

தங்கமாரி: வாழ்க்கையில ஒரு ஃபைனலு, ஒரு கோலு... அது எங்கிட்ட இல்லண்ணே. செல்வலட்சுமி கேட்டா என்ன சொல்லுவேன்? நீங்க தலையால அந்தக் கோலைப் போட்டீங்களே, பந்து உள்ள போகும்போது எப்படி இருந்துச்சு? அதையாச்சும் சொல்லுங்க. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சுன்னு நெனச்சுக்கிடுதேன்.

யாக்கோபு: தெரியாதுடா. அந்தக் கோலை நான் பார்த்ததே இல்ல. அடிபட்டதுக்கு அப்புறம் அன்னைக்கு நடந்தது எதுவும் எங்கிட்ட கெடையாது. மெர்சி கேலரியில உக்காந்திருந்தா, அப்ப எங்களுக்குக் கல்யாணம்கூட ஆவல... மழை, செருப்பு, எழுந்து நின்னு மறைச்ச ஆளு, எல்லாம் அவ பார்த்தது. அவ சொல்லித்தான்டா நான் கோல் போட்டேன்னே எனக்குத் தெரியும்.